பசைக்கையின் ரத்தம்

மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. சாகவில்லை. இப்போதைக்கு அந்த உத்தேசமும் இல்லை.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாய். கோபம். நானும் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் மாரடைப்பு வந்து நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்துப் படுத்திருப்பவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கிடையாது. அதை விடு. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா, அதுதான் என் அக்கா, கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறாள். ஆம்பளைக்கு ஒரு அந்தரங்கம் வேண்டாமா.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். பெரிய டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தார். பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. இருபது டாக்டராவது இருப்பார்கள். உன் அம்மா மூன்று பேர் என்பாள், நம்பாதே, அவளுக்குக் கண் சரியில்லை. என் இதயத்தின் படத்தைத் திரையில் போட்டு எல்லோரும் அப்படியே வாயடைத்து நின்றுவிட்டார்கள். டாக்டரம்மா சொன்னார்: "பெரிய குழாய் நல்லாத் திறந்திருக்கு. ஆனா அதுக்கும் பின்னாடி முடி மாதிரி சின்னச் சின்னக் குழாய் இருக்கு, அதுல அடி பட்டிருக்கு. போதாததுக்கு உங்க ரத்தம் சட்டுனு உறையற ரத்தம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எனக்கே சொல்கிறாரே. கண்ணாடிக் கடையில் தலைமைக் கட்டர் நான். எவனாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டதுண்டா? பசைக்கை என்றுதானே கூப்பிடுவார்கள். ஏன் அந்தப் பெயர்? எங்கள் வெட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணாடிமேல் எவன் ரத்தம் விழுகிறதோ அவன் அன்றைக்கு மேசையை விட்டு இறங்க வேண்டும். கண்ணாடி கீறும் கட்டரை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் போய் விளிம்பு தேய்க்க வேண்டும். கை ஒருமுறை பிசகினவன் அன்றைக்கு மறுபடியும் பிசகுவான் என்று முதலாளியம்மாவின் அப்பா போட்ட சட்டம். இன்றுவரை இறங்காத ஒரே ஆள் உன் மாமன். வெட்டுப் படாமல் இல்லை. படும். ரத்தம் எட்டிப் பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

"டாக்டரம்மா, இந்த ரத்தத்தை வச்சுத்தான் நான் பேர் வாங்கினேன்" என்றேன்.

"அந்தப் பேருதான் உங்களைக் கொல்லப் பார்த்திருக்கு" என்றார். நல்ல வாய் அவருக்கு. எனக்குப் பிடித்துப்போயிற்று.

ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒருநாள்கூட விடக் கூடாதாம். விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். காகிதத்தின் மூலையில் இருக்கும் கறை தேநீர். பயப்படாதே.

உன் மாமா,
தலைமைக் கட்டர்


மார்ச் 17

மாமா,

கறை தேநீர் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ரத்தத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தேநீர் என்று எழுதுகிறீர்கள். ஓய்வில் இருக்க வேண்டிய ஆள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதை வெட்டினீர்கள்?

அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. அவளுக்கு முழங்கால் வலி, எங்கேயும் நிற்க முடியாது. உங்களுக்குப் பேசினால் மூச்சு வாங்குகிறது. அது எனக்குக் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம். காகிதத்துக்கு மூச்சு வாங்காது இல்லையா.

டாக்டரம்மா சொன்னதை நீங்கள் பட்டமளிப்பு விழாவாக ஆக்கிவிட்டீர்கள். நான் நேராகச் சொல்கிறேன். பெரிய குழாயை அடைத்திருந்த கட்டியை எடுத்து ஸ்பிரிங் வைத்தார்கள். அந்தக் கட்டியிலிருந்து உதிர்ந்த தூள் பின்னாலிருக்கும் நுண்குழாய்களுக்குள் போய் அடைத்திருக்கிறது, மீதி வீங்கிக் கிடக்கிறது. பெரிய சாலையைத் திறந்துவிட்டார்கள். சந்துகளில் இன்னும் கல் கிடக்கிறது. சந்துக்குள் ஸ்பிரிங் நுழையாது. படி ஏறும்போது நெஞ்சை இறுக்குகிறதே, அது இதனால்தான். இந்த நேரத்தில் உங்கள் ரத்தம் மறுபடி கட்டினால் இருக்கும் சந்தும் போய்விடும். ஆகவே இரண்டே வழி. மாத்திரை, நடை. மூன்றாவதாக உங்கள் வாய்ச்சவடால் எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

இனிமேல் கட்டரைத் தொடாதீர்கள் என்று கட்டில் பக்கத்தில் சொன்னேன். அதற்கு, "உன் வேலை ரத்தத்தைக் குழாயில போட்டுக் குலுக்கறது, என் வேலையைப் பத்தி நீ பேசாதே" என்று நர்ஸ்கள் முன்னால் சொன்னீர்கள். நான் குலுக்குவதில்லை. இயந்திரம் குலுக்குகிறது. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது, உறைந்தது எவ்வளவு கெட்டி என்று நான் பார்த்துச் சொல்கிறேன், அதை வைத்து டாக்டர்கள் மருந்து எழுதுகிறார்கள்.

கட்டரைத் தொடாதீர்கள் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டாமோ என்று ரயிலில் தோன்றியது. பிறகு, சொன்னது சரிதான் என்றும் தோன்றியது. இன்னும் தெரியவில்லை.

மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

மூச்சு வாங்குகிறதாம். யார் சொன்னது? நேற்று நம் வீட்டு மாடிப்படியை ஒரே தாவலில் ஏறினேன். நடுவில் நின்றது உண்மை, அது கீழே தெருவில் போன ஒருவருக்கு வழி சொல்ல. அங்கே உட்கார்ந்ததும் உண்மை, வழி நீளமான வழி.

வீட்டில் வெட்டியது உன் அம்மாவுக்குக் குளியலறைக் கண்ணாடி. அதெல்லாம் ஒரு வெட்டா, நகம் வெட்டுவது மாதிரி.

இலேசான வேலை பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கடைக்குப் போனேன். என்ன வரவேற்பு தெரியுமா. தெருவே திரண்டு வந்தது. ஏணி அழுதேவிட்டான். ஏணியை உனக்குத் தெரியும், உயரமான ஆள், கண்ணாடி மாட்டுகிறவன், ஸ்டூல் இல்லாமலே கூரையைத் தொடுவான். "அண்ணே, நீங்க இல்லாம மேசை மேசையாவே இல்லை" என்றான். கீச்சு மட்டும் நிமிராமல் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். கீச்சு எனக்கு அடுத்த கட்டர். அவன் கோடு இழுத்தால் வரும் சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடும், அதனால் அந்தப் பெயர். நான் இழுத்தால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சின்ன ஓசை, அவ்வளவுதான்.

முதல் நாள் ஒரு அலமாரிக் கண்ணாடி. சின்ன வேலை. கோடு போட்டேன், ஒடித்தேன், ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். பழக்கப்படி விரலை அழுத்திக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். ரத்தம் போகவில்லை. வந்த விருந்தாளி பெட்டியோடு வந்துவிட்டது போல உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டு, அதன் பின்னால் இன்னொரு சொட்டு, கண்ணாடிமேல் அப்படியே ஓடியது.

கீச்சு கட்டருக்குக் கையை நீட்டினான்.

நானே பெருந்தன்மையோடு கட்டரைக் கொடுத்தேன். "பழகிக்கோ" என்று அவனுக்கு ஒரு ஆசீர்வாதமும் செய்தேன். பின்கட்டில் விளிம்பு தேய்ப்பது ஒரு நல்ல ஓய்வு. தண்ணீர் சத்தம் காதுக்கு இதமாக இருக்கிறது.

இப்போது முக்கியமான சேதி. கடைக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. புதுக் கட்டடம், மாடியில் நடனப் பள்ளி, ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. இரண்டு கண்ணாடிப் பாளம் சேரும் இடம் தெரியக் கூடாதாம், ஆடுகிற பிள்ளை இடுப்பில் வெட்டுப்பட்டுத் தெரியுமே. அதுவரை அந்தக் கட்டடத்து ஜன்னல்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் பெரிய பாளம் வெட்ட வேண்டும். ஜூலையில் நிலைக்கண்ணாடி. அதை நான்தான் வெட்டுவேன். இதில் பேச்சே இல்லை.

உன் மாமா


ஏப்ரல் 11

மாமா,

இத்துடன் ஒரு ஜோடி கையுறை அனுப்பியிருக்கிறேன். கத்தி புகாத நூலில் நெய்தது. கறிக்கடைக்காரர்களும் தகரம் வெட்டுகிறவர்களும் போடுகிறார்கள். "வெறுங்கையில் தொட்டால்தான் கண்ணாடி பேசும்" என்று நீங்கள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது என்ன பேசும் என்று கேட்டால் மட்டும் சொன்னதில்லை.

பெருந்தன்மை, ஆசீர்வாதம் எல்லாம் படித்தேன். மாமா, பின்கட்டில் தண்ணீர் சத்தம் இதமாக இருந்தது என்று எழுதின இடத்தில் உங்கள் எழுத்து சாய்ந்திருக்கிறது. உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரத்தம் நிற்காததுதான் இப்போது நல்ல சேதி. மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு அவமானமாக இருப்பது உங்கள் இதயத்துக்குக் காவல்.

நேற்று என் மேசைக்கு ஒரு ரத்தம் வந்தது. ஆள் யாரென்று தெரியாது, எண் மட்டும்தான் இருக்கும். மாரடைப்பு வந்தவர். என்ன ஒரு கட்டி தெரியுமா. அடர்த்தியாக, இழை இழையாகப் பின்னிக்கொண்டு, கரைக்கிற மருந்தை விட்டாலும் கரைய மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. நம் குடும்பத்து ஆள் மாதிரி இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள், "என்னடி, ரத்தத்தைப் பார்த்து முறைக்கறே" என்றாள்.

கையுறையைப் போடுங்கள். போனில் பேசுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 28

அன்புள்ள மருமகளுக்கு,

கையுறை கிடைத்தது. உயர்ந்த சரக்கு. உன் அம்மா அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க அதைத்தான் போட்டுக்கொள்கிறாள், உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

எனக்கு அது தேவையில்லை. ஏன் என்று கேள். கை பழைய கை ஆகிவிட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை, ஆள் உயரத்துக்கும் மேலான பாளம். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முதலாளியம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். கோடு போட்டேன். தட்டினேன். ஒடித்தேன். வெண்ணெய் மாதிரி பிரிந்தது. கட்டை விரலில் லேசாகப் பட்டது. கீச்சு கழுத்தை நீட்டிப் பார்த்தான். விரலை அழுத்தினேன், ஒரு மூச்சு, அவ்வளவுதான். மூடிக்கொண்டது. ரத்தம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஏணி சொல்கிறான், "அண்ணே, இது கை இல்லை, தபால் உறை. தானே ஒட்டிக்குது."

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார். ஒரு கறை இல்லை. உன் டாக்டர்களிடம் சொல், ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் வரச் சொல், ஆனால் செவ்வாய் வெள்ளியில் வரக் கூடாது, எனக்கு வேலை இருக்கும்.

பழைய பசைக்கை


மே 4

மாமா,

நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள்.

பொய் சொல்ல நினைத்தால் இதைப் படியுங்கள். அந்த இரண்டு மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறவருடைய வெட்டு ஒரு மூச்சில் மூடாது. உங்கள் வெட்டு மூடுகிறது, அதுவும் செவ்வாயும் வெள்ளியும். பெரிய பாளம் வெட்டும் நாளுக்கு முன்னால் சில நாள் விட்டுவிட்டு, வெட்டின பிறகு மறுபடி போடுகிறீர்கள், அல்லது போடுவதே இல்லை. எது என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான். ஒரு கறைகூட இல்லாத காகிதத்தை எனக்குச் சான்றிதழ் மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள்.

விரலில் மூடுகிற அதே ரத்தம்தான் இதயத்துக்குள்ளும் மூடும். அதற்கு விரல் எது, நெஞ்சு எது என்று தெரியாது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் கடைக்கே வந்து நிற்பாள். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே மாத்திரையைப் போடுங்கள், டாக்டரம்மாவிடம் போய் விட்டதைச் சொல்லுங்கள்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.


மே 19

அன்புள்ள மருமகளுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரித் தலையணையை மடியில் வைத்து எழுதுகிறேன். கையில் ஒரு ஊசி குத்தி டியூப் மாட்டியிருக்கிறார்கள்.

உன் அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதி தப்பாக இருக்கும். நான் சொல்கிறேன். உன் கடிதம் வந்தது. படித்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடனப் பள்ளி மாடிக்கு அளவெடுக்கப் போனேன். உனக்குப் பதிலை மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டு படி ஏறினேன். நல்ல சூடான பதில். 'நேற்று பிறந்தவள் எனக்குப் புத்தி சொல்கிறாள்' என்று ஆரம்பித்தது. படி வளைகிற இடத்தில் பதில் நின்றுபோயிற்று. நெஞ்சின்மேல் ஒரு பெரிய பாளத்தைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. நான் தூக்கின எல்லாப் பாளத்தையும்விடக் கனம்.

ஏணிதான் தூக்கிக்கொண்டு வந்தான். தோளில் உட்கார்ந்து ராஜா மாதிரி ஊர்வலம் போனேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். இல்லை. சாக்கு மூட்டை மாதிரி தொங்கிக்கொண்டு போனேன். அவன் சட்டையெல்லாம் என் வியர்வை.

மறுபடி இதயக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் தப்பித்தது. சந்துகளில் மறுபடி கட்டியிருக்கிறதாம். டாக்டரம்மா இந்த முறை பட்டாளம் இல்லாமல் தனியாக வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார், "எத்தனை நாள் விட்டீங்க?"

"வேலை நாளுக்கு மட்டும்தான்" என்றேன், மேசைச் சட்டத்தையும் சொன்னேன்.

"உங்க இதயத்துக்கு எது லீவு நாள், சொல்லுங்க."

நான் பேசாமல் இருந்தேன் என்பதை நீ நம்ப மாட்டாய். நர்ஸைக் கேள்.

"அடுத்த தடவை ஸ்பிரிங்குக்குள்ளயே கட்டும். அப்போ மேசையை விட்டு இறங்கறதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். மேசையை விட்டு இறங்குகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீச்சு எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறான், எதிரில் நின்று பார்த்தவன் நான். பார்த்துச் சிரித்தவனும் நான்தான். அன்றைக்கு அலமாரிக் கண்ணாடியில் என் ரத்தம் ஓடியபோது அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சமாளித்திருப்பேன்.

நிலைக்கண்ணாடியை நான்தான் வெட்டுவேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் எப்படி என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. 'மேசையை விட்டுவிடுங்கள்' என்பதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் எழுது.

மாமா


மே 27

மாமா,

மேசையை விட வேண்டாம்.

அன்று கட்டில் பக்கத்தில் நான் சொன்னது பாதி தப்பு. பாதிதான், குதிக்க வேண்டாம். கட்டரைத் தொடாதே என்று உங்களிடம் சொல்வது மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரி. அதனால் நீங்கள் கட்டரை விடாமல் மாத்திரையை விட்டீர்கள்.

இங்கே ஒரு கடையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் ஒரு கட்டரும் வாங்கி வந்து சாயங்காலங்களில் வெட்டிப் பார்த்தேன். கீச்சு என்னிடம் வந்து பாடம் கேட்கலாம். நான் கோடு போட்டால் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னம்மா, பூனையை மிதிச்சிட்டீங்களா" என்று கேட்கிறார். வெறுங்கையில் வெட்டினேன், பட்டது. உங்களுக்கு அனுப்பினது போன்ற கையுறையில் வெட்டினேன், ஒன்றுமே தெரியவில்லை. சுவரைத் தொடுகிற மாதிரி. உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் ஒரு அளவு சின்னதாக வாங்கிப் பார்த்தேன். போடுவது கஷ்டம், பல்லால் இழுக்க வேண்டும். ஆனால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கோடு ஆழமாகப் போகிற இடம், தப்பிப் போகிற இடம், விரலுக்குத் தெரிகிறது. என் கைக்கே தெரிகிறதென்றால் உங்கள் கைக்கு அது பேசும். உங்கள் அளவைவிட ஒரு அளவு சின்னதாக அனுப்பியிருக்கிறேன். இதை அம்மா கண்ணில் காட்டாதீர்கள்.

இனி நான் சொல்வது பேரம் இல்லை. மாத்திரை ஒருநாளும் நிற்காது. செவ்வாய் வெள்ளி கிடையாது. டாக்டரம்மா சொல்கிற நாளில்தான் வேலைக்குப் போவது, சொல்கிற அளவு நடப்பது. பாளத்தைத் தூக்குவது ஏணி. வெட்டுப் பட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தி உட்காருங்கள். நேரமாகும், ஆனால் நிற்கும். நிற்கும்வரை காத்திருப்பது உங்களுக்குப் புதிது, பழகிக்கொள்ளுங்கள். ரத்தம் கண்ணாடியில் விழுந்தால் இறங்குங்கள். இறங்குகிறவன் மறுநாள் மேசைக்குத் திரும்பி வரலாம் என்பதும் உங்கள் சட்டத்தில்தானே இருக்கிறது.

ஒரே ஒரு வரம் கேட்கிறேன். நிலைக்கண்ணாடி ஏறின அன்று அந்த மாடிப்படியை மெதுவாக ஏறி முடித்து எனக்குப் போன் செய்யுங்கள். பேச வேண்டாம். உங்கள் மூச்சை நான் கேட்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதுவீர்கள். மூச்சுக்குக் கதை விடத் தெரியாது.

மருமகள்


ஜூலை 14

அன்புள்ள மருமகளுக்கு,

நடனப் பள்ளி மாடியில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் சுவர் முழுக்க நான்தான் இருக்கிறேன். இளைத்திருக்கிறேன். பரவாயில்லை, களையாகத்தான் இருக்கிறேன்.

நடுவில் எழுதாததற்குக் காரணம் நடை. டாக்டரம்மா சொன்னபடி முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனை தபால் பெட்டிவரை, இப்போது பூங்காவைச் சுற்றி. பூங்காவில் என்னைப் பார்த்து நடக்க ஆரம்பித்தவர்கள் ஒரு நூறு பேர் இருக்கும். சரி, இரண்டு பேர். அதில் ஒருவருக்கு நாய்.

மாத்திரை நிற்கவில்லை. உன் அம்மா காலையில் தட்டில் வைத்து நீட்டி, நான் விழுங்கினதும், "வாயைத் திற" என்கிறாள். இந்த வயதில் அக்காவுக்கு வாயைத் திறந்து காட்டுகிற ஒரே தலைமைக் கட்டர் நான்.

போன வாரம் நிலைக்கண்ணாடி வெட்டு. உன் கையுறையைப் பல்லால் இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனேன். கீச்சு பார்த்துவிட்டு, "என்னய்யா, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றான். சொன்னால் நம்ப மாட்டாய், கண்ணாடி பேசியது. கொஞ்சம் தள்ளி நின்று, அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி, ஆனால் பேசியது. பாளம் பாளமாக வெட்டினேன். ஏணி தூக்கினான், நான் சும்மா நின்றேன். ஒரு பாளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடையில் என்னை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

கடைசியாக நடுப்பாளம் மட்டும் பாக்கி. அதற்கு முந்தினதை ஒடிக்கும்போது ஒரு கண்ணாடிச் சில்லு பறந்து கையுறையின் மணிக்கட்டு வழியாக உள்ளே போயிற்று. சுருக்கென்றது. உள்ளே ஈரம். கண்ணாடியைப் பார்த்தேன், சுத்தம். ஒரு சொட்டு இல்லை. கையுறை கறுப்பு, வெளியே தெரியவும் இல்லை. எல்லோரும் நடுப்பாளத்துக்காகக் காத்திருந்தார்கள்.

நான் கையுறையைக் கழற்றிக் காட்டினேன். "ரத்தம்" என்றேன்.

முதலாளியம்மா கிட்டே வந்து பார்த்தார். "கண்ணாடி மேல விழலையே. அது கணக்கில்லை, நீங்களே வெட்டுங்க."

"விழலை. ஆனா கை பிசகிடுச்சு. உங்கப்பா சட்டம் போட்டது கைக்குத்தானே" என்றேன்.

கட்டரைக் கீச்சிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். "என்னய்யா, நெஞ்சு வலிக்குதா?"

"வலிக்கலை. பிடி."

கீழே இறங்கி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்தேன். ரத்தம் நிற்க நேரமாயிற்று. காத்திருந்தேன். அவன் கோடு இழுத்தான், உன் மேல்வீட்டுக்காரர் கேட்ட அதே பூனை கத்தியது. ஒடித்தான். விளிம்பு சுத்தமாக இருந்தது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன், அவன் என்னைவிடச் சுத்தமாக வெட்டினான். எழுந்து போய் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தத்தைக் குறைச்சா கட்டர் ஆயிடுவே" என்று சொன்னேன். அவன் சிரித்தான். அதன் பிறகு நான் பின்கட்டுக்குப் போய் விளிம்பு தேய்த்தேன். மறுநாள் காலையில் மேசைக்கு வந்தேன். என் இடம் அங்கேயே இருந்தது.

இன்றைக்கு ஏணியும் மற்றவர்களும் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். சேருகிற இடம் எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. நடுப்பாளம் கீச்சினுடையது. ஆடுகிறவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நீ கேட்ட வரத்துக்காகப் படி ஏறித்தான் வந்தேன், வளைவில் ஒருமுறை நின்று. நெஞ்சில் கொஞ்சம் இறுக்கம், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி நின்றதும் போய்விட்டது. போனையும் கையில் எடுத்தேன். அப்புறம் நடுப்பாளக் கதையைப் போனில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், எழுத்தில் இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். இப்போது பார்த்தால் மூச்சு சமமாகிவிட்டது. குழந்தை தூங்குகிற மாதிரி இருக்கிறது. இந்த மூச்சை உன்னைக் கேட்க வைத்தால் அது ஏமாற்று.

அதனால் கீழே இறங்கி, இன்னொரு தரம் மெதுவாக ஏறி வந்து கூப்பிடுகிறேன். எடு.

மாமா